மூன்றாவது ஒப்பரேஷன் வேண்டாம் என்ற மகனுக்கு

அன்பு மகன் அருளுக்கு,

சாப்பிட்டாயா? இல்லையென்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி. ஞாயிற்றுக்கிழமை பாதிச் சோற்றில் எழுந்து போனாய். உனக்கென்று வைத்த கத்தரிக்காய்ப் பொரியலை உன் அப்பா ஒன்றுமே நடக்காத மாதிரி தன் தட்டில் போட்டுக்கொண்டார். அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில் நானும் சாப்பிடவில்லை. நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ செருப்பை மாட்டிக்கொண்டு தம்புள்ளையில் உன் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாய், உன் பெண்சாதி ஸ்டெல்லா பாவம், நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று முழிப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். தையல் மெஷினை மூடி அதன்மேல் கடதாசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குக் கொடுக்கவேண்டிய பள்ளிக்கூட யூனிபோம் இரண்டு அரைகுறையாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

கண்டி டொக்டர் சொன்னதை நான் உனக்குத் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை. உன் இருபத்திரண்டு வயதில் நெஞ்சுக்குள் வைத்த இரும்பு வால்வைச் சுற்றிச் சதை வளர்ந்துவிட்டது, அது ஒழுங்காகத் திறந்து மூடவில்லை, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கவேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போட இதயம் களைத்துப் போகும் என்றார். கொழும்பில்தான் செய்யவேண்டும். பயமே இல்லாத ஒப்பரேஷன் என்று அவரும் சொல்லவில்லை. நீ எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபிறகுதான் வாயைத் திறந்தாய். "போதும்மா. ரெண்டு தடவ வெட்டிட்டாங்க. இனி என்னைய யாரு கையிலயும் குடுக்க மாட்டேன். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றாய். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "யாருக்குடா பாடம் சொல்லித் தர்ற? ஒன்னைய ரெண்டு தடவ சாவுக்கிட்டயிருந்து இழுத்துட்டு வந்தவ நானு" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "அதாம்மா. எல்லாத்துக்கும் சரின்னு சொன்னது நீங்கதான். என்னைய யாரு கேட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அன்றையிலிருந்து மெஷினை மிதிக்கும்போதும், சந்தைக்குப் போகும்போதும், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அந்தக் கேள்விதான் காதில். முதலில் பதில் தேடினேன். இவ்வளவு செய்தேனே, இப்படிக் கேட்கிறானே என்று அழுதேன். பிறகு நினைத்துப் பார்த்தால், நீ கேட்டது சரி. உன்னை யாருமே கேட்கவில்லை. நான் உன்னைக் கேட்கவேயில்லை.

இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றையறை வரிசை வீட்டில் இருந்தபோது உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. இன்றைக்கு முழங்கால் வீங்கும், நாளைக்கு அது வற்றி மணிக்கட்டு வீங்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். வீக்கத்தைக் கண்ணால் பார்த்தும் நினைத்தேன், அதற்கு என்ன சொல்ல. அப்பாவுக்கு உக்குவளையில் மர ஆலை வேலை கிடைத்து நாம் தோட்டத்தை விட்டு இறங்கி வந்தபிறகுதான், மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவேயில்லை. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இதயத்தின் கதவைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உனக்குப் பதினொரு வயது. ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் "அம்மா, நாளைக்கு என்னைய என்னா செய்யப் போறாங்க?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல ராசா, போட்டோ புடிக்கப் போறாங்க" என்றேன். நீ அதை நம்பி, காலையில் தலையில் தண்ணீர் தொட்டு வகிடு எடுத்துச் சீவிக்கொண்டு தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்தாய். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு இன்னும் தெரிகிறது. கண் விழித்தபோது உன் இடது விலாவோரம் முதுகுவரைக்கும் தையல். வலியில் உதடு வெளுத்திருந்தது. அப்படியிருந்தும் முதலில் என்ன கேட்டாய் தெரியுமா? "போட்டோ எங்கம்மா?" என்றாய். அதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பயப்படக்கூடாது என்றுதான் சொன்னேன். பயம் எனக்கு. அதை மறைக்க உன்னிடம் பொய் சொன்னேன்.

நான் தையல்காரியாயிற்றே, அந்தத் தையலை நன்றாகப் பார்த்தேன். ஒரே அளவு, ஒரே இழுப்பு, ஒரு இடத்தில்கூடச் சுருக்கம் இல்லை. வெளியே இவ்வளவு சுத்தமாகத் தைத்தவர் உள்ளேயும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நீ மெல்ல எழுந்து நடக்கத் தொடங்கிய நேரத்தில்தான் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். மாத்தளை டவுனில் புகை எழும்பியது நம் வாசலில் நின்றே தெரிந்தது. தமிழர் வீடுகளை எரித்துக்கொண்டு வருகிறார்கள், ஓடு என்றார்கள். உன்னால் எப்படி ஓடமுடியும்? பக்கத்து வீட்டுச் சோமா அக்காவின் புருஷன் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து, தையல் படாத பக்கமாக உன்னைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். சிங்களக் குடும்பம், அவர்களுக்கும் அன்று ஆபத்துதான். அவர்கள் வீட்டு அறைக்குள் நெல்மூட்டைக்குப் பின்னால் நாம் உட்கார்ந்திருந்தோம். நீ இருமக்கூடாது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். இருமினால் தையலும் வலிக்கும், உயிருக்கும் ஆபத்து. எனக்கு அதற்குமேல் எழுத முடியவில்லை.

அதற்குப்பிறகு காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மாதம் ஒரு ஊசி. வருடக்கணக்கில் போட்டாய். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பி, பஸ்ஸும் ஓடாமல் கடையும் திறக்காமல் கிடந்தபோது அப்பாதான் உன்னைச் சைக்கிளில் வைத்து மாத்தளைக்கு மிதித்தார். ரோட்டோரத்தில் என்னென்ன கிடந்தன என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "என் சட்டைக் கொலரையே பாத்துட்டு வா, வேற எங்கயும் பாக்காத" என்று அப்பா சொன்னதாக நீ பின்னால் ஒருநாள் சொன்னாய். மீசை முளைத்த பிள்ளை, அப்பாவின் கொலரைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். அந்த மனிதர் ஊசி போட்டுக்கொண்டு வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, "தேத்தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்பார். கத்தரிக்காய்ப் பொரியலுக்காக அவரைத் திட்டினேன் இல்லையா, இதையும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது ஒப்பரேஷனுக்கு நீ பெரிய ஆள். ஆனாலும் டொக்டர் என்னிடம்தான் பேசினார், நான்தான் சரி என்றேன், நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து பழைய கதவை எடுத்துவிட்டு இரும்பை வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு வானொலியை நிறுத்தினால் உன் நெஞ்சு டிக் டிக் என்று கேட்கும். "இனி நம்ம வீட்டுக்குக் கடியாரம் தேவையில்ல" என்று அப்பா பகிடி விட்டார், நீயும் சிரித்தாய். ஆனால் ஒப்பரேஷனைவிட அதற்குப் பின்னால் வந்த நாட்கள்தான் பெரிய ஒப்பரேஷன். இருமல் வந்தால் நெஞ்சு விட்டுப்போகும் போல இருக்கிறது என்றாய். வெட்டுத் துணியெல்லாம் சேர்த்துத் திணித்து ஒரு சின்னத் தலையணை தைத்துத் தந்தேன், அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருமுவாய். ரயில் கடவைவரைக்கும் நடந்துபோய், அங்கே கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, திரும்பி வருவாய். காயம் ஆறிக்கொண்டு வந்தபோதுதான் காரணமில்லாமல் அழுதாய். எல்லாரும் கஷ்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த நேரம் அது. ஒருநாள் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தாய். நான் திட்டினேன். திட்டியிருக்கக்கூடாது. அப்படியான உடம்புக்கு அப்படி ஒரு இருட்டு வருமாம், வந்து தானாகவே விலகுமாம், கிளினிக்கில் பின்னால்தான் சொன்னார்கள்.

இப்போது கஞ்சிக் கதை. இரத்தம் உறையாமலிருக்க நீ தினமும் குளிசை போடவேண்டும், கீரை வகையைத் திடீரென்று கூட்டக்கூடாது, பச்சை இலை அந்தக் குளிசைக்கு எதிரி என்று நர்ஸ் தெளிவாகச் சொன்னாள். நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அடுத்த வாரமே சோமா அக்கா காலையில் ஒரு பெரிய கிளாஸ் நிறைய இலைக்கஞ்சியோடு வந்து நின்றாள். வல்லாரை, முருங்கையிலை, கறிவேப்பிலை எல்லாம் இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சி, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டும். "பொன்ன புத்தே" என்றாள். குடி மகனே என்கிறாள், நெல்மூட்டைக்குப் பின்னால் நம்மை வைத்துக் காப்பாற்றியவள். அவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய், இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாய். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரியும் கொண்டுவந்தாள். தினமும் குடித்தாய். மரியாதைக்குக் குடித்தாய். ஒருநாள் காலையில் உன் கையிலிருந்த கரண்டி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் எழும்பவில்லை. வாய் ஒருபக்கம் கோணி, "அம்மா" என்கிற சொல் பாதிதான் வந்தது. வால்வில் இரத்தம் கட்டி ஒரு துணுக்கு தலைக்குப் போய்விட்டது. கண்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். பேச்சு திரும்பியது, கையும் மெல்ல மெல்லத் திரும்பியது. இன்றைக்கும் சட்டையின் மேல்பொத்தானைப் பூட்ட உன் வலது கை தடுமாறுவதை நான் கவனிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சோமா அக்காவிடம், டொக்டர் பச்சை இலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று பயந்து பயந்து சொன்னேன். அவள் என்ன செய்தாள்? நெஞ்சில் கை வைத்து, "ஐயோ தங்கச்சி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். மறுநாள் பலாபத்வலையிலிருந்து எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்காகவா அவ்வளவு பயந்தோம்! நன்றிக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லி அவள் கேட்கவேயில்லை, நாம்தான் வைத்தோம். அருள், உன்மேல் பாசம் வைத்தவர்களிடம்தான் நீ வேண்டாம் என்று சொல்லப் பழகவேண்டும். அதை உனக்கு நான் சின்ன வயதில் பழக்கியிருக்கவேண்டும். பழக்கவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

நீ சொல்லாத ஒன்றையும் நானே எழுதிவிடுகிறேன். அடுத்த வருடம் செக்கப்புக்கு நாம் கொழும்புக்குப் போனபோது மருதானைப் பக்கம் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், வயது இருபத்து மூன்று. சட்டையைக் கழற்றச் சொன்னான் ஒரு ஆமிக்காரன். நெஞ்சு நடுவில் ஒன்று, விலாவில் ஒன்று, இரண்டு தழும்பு. எந்தச் சண்டையில் பட்ட காயம் என்று கேட்டான். உன் முகம் செத்துப்போயிருந்தது. நான் சிங்களத்தில் கெஞ்சினேன், ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன், அவன் பார்க்கவில்லை. கடைசியில், "காத வச்சிக் கேட்டுப் பாருங்க மாத்தயா" என்றேன். அவன் குனிந்து உன் நெஞ்சில் காதை வைத்தான். திடுக்கிட்டு எழும்பினான், பிறகு மற்றவனைக் கூப்பிட்டான். ஒருவன் மாறி ஒருவன் வந்து காதை வைத்துக் கேட்டார்கள். இவன் கடிகாரத்தை முழுங்கிவிட்டான் என்று ஒருவன் சிங்களத்தில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்கிறவன் அடிக்கமாட்டான், விட்டுவிடுவான் என்று எனக்குப் பட்டது, விட்டும்விட்டான். ஆனால் நடுரோட்டில் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நீ. பஸ்ஸில் ஏறியதிலிருந்து உக்குவளைவரைக்கும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப்பிறகு எவ்வளவு வெயிலிலும் மேல்பொத்தானைப் பூட்டாமல் நீ வெளியே போனதில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் உன் சட்டைகளுக்குக் கொலரை உயர்த்தித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால், இனி என்னை யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை புரியவில்லை, இப்போது புரிகிறது. உன் உடம்பு சின்ன வயதிலிருந்து உன் கையில் இருந்ததில்லை. டொக்டர் கையில், என் கையில், கஞ்சி கொண்டுவந்தவர்கள் கையில், துப்பாக்கி வைத்திருந்தவன் கையில். அதனால் இந்தத் தடவை நான் கேட்கிறேன். சரி என்று நான் சொல்லப்போவதில்லை. டொக்டரிடம் நீயே பேசு. என்ன செய்வார், எப்படிச் செய்வார், எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று உன் வாயாலேயே கேள், படம் போட்டுக் காட்டச் சொல். கொழும்புக்குப் போகிறதென்றால் சிங்களத்தில் எழுதிய டொக்டர் கடிதம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், நிலைமை முன்னையைவிட மோசம் என்கிறார்கள். நான் கூட வந்தால் வாயை மூடிக்கொண்டு வருவேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. உன்னை யாரும் கேட்கவில்லை என்கிறாயே, நீ ஸ்டெல்லாவைக் கேட்டாயா? அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கண்டேன். இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவளுக்கு முன்னால் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? அவளோடு ஒருநாள் உட்கார்ந்து பேசு. உனக்கு ஒப்பரேஷன்தான் வேண்டாமா, அல்லது நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேண்டாமா என்று யோசித்துப் பார். இரண்டும் வேறுவேறு. முதலாவது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இரண்டாவது என்றால் அதற்கு வழி இருக்கிறது, இந்தத் தடவை நீயே நடந்து போ. எதுவானாலும் உன் இஷ்டம். நான் தடுக்கமாட்டேன்.

இவ்வளவும் எழுதி முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்தார். போட்டோ விஷயம் வந்த இடத்தைத் திரும்பவும் ஒருதடவை படித்தார். நல்லா எழுதியிருக்கிறாய் என்று சொல்வார் என நினைத்தேன். கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டு, "கடைசியில ஒன் இஷ்டம்னு எழுதியிருக்கியே, அது பொய்தானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பின்ன என்னா எழுதச் சொல்றீங்க? அவனக் கட்டியா இழுத்துட்டுப் போக முடியும்?" என்றேன். "இழுக்கச் சொல்லல. பொய் சொல்லாதன்னுதான் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர் இன்னும் உள்ளே வரவில்லை. குழாயடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. எவ்வளவு நேரமாகத்தான் கழுவுவாரோ.

அவர் சொன்னது உண்மை. பொய்தான் எழுதினேன், அருள். உன் இஷ்டம் என்று எழுதியபோது பேனா போகவேயில்லை. அந்த வரியை அடிக்கவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அதுதான் நியாயம், உனக்கு அந்த நியாயம் கிடைக்கவேண்டும். ஆனால் நீ இல்லாத இந்த வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. நான் நல்லவள் மாதிரி எழுதியதையெல்லாம் நீ வைத்துக்கொள். எனக்கு நியாயம் வேண்டாம் மகன். எனக்கு நீ வேணும்.

அம்மா